பழைய காருக்குக் கெட்டியான எஞ்சின் ஆயில் தேவையா?

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன; 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் குறிப்பிடப்பட்டுள்ளது. அண்மைக்காலமாக ஆயில் குறைவதால் 20டபிள்யூ-50க்கு மாறும்படி மெக்கானிக் சொல்கிறார். அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்றே விற்கப்படும் ஆயிலை வாங்கச் சொல்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எவ்வளவு ஆயில் குறைகிறது என்பதை நீங்களும் எழுதவில்லை, அவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. அது தெரியாமல் ஆயிலை மாற்றுவதில் பயனில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்து, அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கும் குறைவாக இறங்கினால், இந்த வயதுள்ள எஞ்சினுக்கு அது கவலைப்பட வேண்டிய அளவன்று. அவ்வப்போது ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தத் தேடலைப் புகையிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பியதும் நீலப் புகை தள்ளிப் பிறகு நின்றுவிட்டால், வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான வால்வ் சீல்கள் இறுகிப்போயிருக்கக்கூடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போதெல்லாம் புகை வந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைப்பாக இருக்கும் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை அதைத் தெளிவுபடுத்தும். புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால், வண்டி நின்ற இடத்தில் தரையையும் எஞ்சினின் அடிப்பாகத்தையும் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக பி.சி.வி. வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை, எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் பக்கம் திருப்பிவிடும் சிறு பாகம் இது. இது கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, ஆயில் சீல்கள் வழியாகக் கசியும்; இது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஆயில் ஆவி தேவைக்கு மேல் உறிஞ்சப்பட்டு எரிந்துபோகும். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று முடிவு கட்டப்பட்ட வண்டிகளில்கூட, இந்த மலிவான பாகத்தை மாற்றியதும் ஆயில் குடிப்பது கணிசமாகக் குறைந்துவிடுவதுண்டு.

இனி மெக்கானிக் சொன்னதற்கு வருவோம். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் அளவீட்டின்படி, 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரையிலும், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும். அதாவது, 30 கிரேடின் மிகக் கெட்டியான ஆயிலைவிட, 50 கிரேடின் மிக இளகிய ஆயிலே முப்பது சதவீதம் கெட்டியானது. தேய்ந்த ரிங்குகளின் இடைவெளியில் அது மெதுவாகக் கசியும் என்பது உண்மைதான். மெக்கானிக்கின் அனுபவம் பொய்யன்று. ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அந்த ஆயில் மேலேறி வால்வ் பகுதியை அடையக் கூடுதல் நேரம் பிடிக்கும். எஞ்சின் அதிகம் தேயும் நேரங்களில் அதுவும் ஒன்று. உங்கள் காரில் வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்போ வால்வ் இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்களோ இருந்தால், அவற்றின் நுண்ணிய துளைகள் 5டபிள்யூ-30ஐக் கருதியே வடிவமைக்கப்பட்டவை. அழுத்தமானி கூடுதலாகக் காட்டுகிறது என்பதற்காக, ஆயில் கூடுதலாகப் பாய்கிறது என்று பொருளாகாது.

ஆகவே ஒரேயடியாக 50க்குத் தாவ வேண்டாம். பல கையேடுகளில் சுற்றுப்புற வெப்பநிலைக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகள் அட்டவணையில் தரப்பட்டிருக்கும். 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 அதில் இருந்தால், ஒரு படி ஏறிப் பார்ப்பதில் தவறில்லை.

நண்பர் சொன்ன ஆயில் வெறும் விளம்பரமன்று. இறுகிய ரப்பர் சீல்களைச் சற்று இளக்கி உப்பச் செய்யும் சேர்மங்களும், கூடுதலான துப்புரவுச் சேர்மங்களும் அத்தகைய ஆயில்களில் கலக்கப்படுகின்றன. அதே கிரேடுக்குள் கெட்டியான பக்கமாகவே அவை பெரும்பாலும் தயாரிக்கப்படுகின்றன. மெல்லிய கசிவு இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பலன் தெரியலாம். கிழிந்த சீலையும் தேய்ந்த ரிங்கையும் எந்த ஆயிலும் சரிசெய்யாது. உங்கள் நிலையில் நான், பி.சி.வி. வால்வைப் பார்த்துவிட்டு, 5டபிள்யூ-30இலேயே இந்த வகையை ஒருமுறை ஊற்றிப் பார்ப்பேன்; டப்பாவில் கையேடு கேட்கும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரமோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். 2020இல் வந்த எஸ்.பி. தரம், அதற்கு முந்தைய பெட்ரோல் எஞ்சின் தரங்கள் கேட்கும் இடங்களிலும் பயன்படுத்தத் தக்கது.

கேள்வி: இதுவரை கச்சா எண்ணெயிலிருந்து நேரடியாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலில் ஓடிய எஞ்சினுக்கு, வேதிமுறையில் தயாரித்த சிந்தெடிக் ஊற்றினால் கசியும் என்கிறார்களே?

பதில்: தொடக்ககாலச் சிந்தெடிக் ஆயில்கள் சில, சீல்களைச் சுருங்கச் செய்ததால் எழுந்த பேச்சு இது, இன்றைய ஆயில்களில் அந்தக் குறை களையப்பட்டுவிட்டது. இருப்பினும், ஏற்கெனவே பழுதான சீலின் இடைவெளியைப் பல ஆண்டுக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரைந்ததும் கசிவு வெளிப்படலாம். சிந்தெடிக்குக்கு மாறிய முதல் தடவை, வழக்கமான ஆயில் மாற்றும் இடைவெளியில் பாதி ஓடியதுமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கசடு மண்டிய எஞ்சினில், உட்புறத்தைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் ஊற்ற மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே மூச்சில் பெயர்ந்து வரும் கசடு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வடிகட்டி வலையை அடைத்துவிட்டால், ஆயில் கிடைக்காமல் எஞ்சினே இறுகி நின்றுவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறது. தரம் குறைந்ததா?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. டீசல் எஞ்சினில் இது இன்னும் விரைவாக நிகழும். மாறாக, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் வண்டியை ஓட்டாமல், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் அப்படித் தெரிவது பெரும்பாலும் ஈரத்தால் வருவது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால், நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டியதும் மறைந்துவிடும்.