லாவா கேக்கின் நடுப்பகுதி இறுகிவிட்டால்

திருமண நாளுக்கான ஒத்திகையாகச் செய்த சாக்லேட் லாவா கேக் (வெட்டினால் நடுவிலிருந்து சாக்லேட் உருகி வழிய வேண்டிய கேக்) 18 நிமிடத்தில் நடுவிலும் இறுகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மாவில் குறையில்லை, நேரம்தான் அதிகம். சிறு கிண்ணங்களுக்கு 220 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் போதும். கிண்ணத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள்: ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் தளும்ப வேண்டும். உடனே எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் தட்டில் கவிழ்த்துவிடுங்கள்.

ஆசையைத் தூண்டும் என்று இரண்டு தேக்கரண்டி ஜாதிக்காய்ப்பொடி சேர்க்கப் போகிறீர்களாமே, தயவுசெய்து வேண்டாம்! அந்த அளவு தலைசுற்றலும் வாந்தியும் வரவழைக்கும். வாசனைக்கு ஒரு சிட்டிகை போதும். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மன்னர் மோக்டெசுமா பெண்களிடம் செல்வதற்காகக் கொக்கோ பானம் அருந்துவார் என்று சொல்லக் கேட்டதாக ஸ்பானிய வீரர் பெர்னால் தியாஸ் எழுதியிருக்கிறார். காதலுக்கென்று பெயரெடுத்த பொருள் உங்கள் கேக்கிலேயே இருக்கிறது. 70 சதவீதக் கொக்கோ உள்ள சாக்லேட்டாகப் பார்த்து வாங்குங்கள்.