கணினி கேள்வி-பதில்: பூட்டுப்பட்ட ஃபைல்கள்

கே: மகன் 'கிராக்' (உரிமம் வாங்காமல் ஓட்டும் திருட்டு) மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டான். அன்று மாலையே போட்டோ, வீடியோ எதுவும் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. 'ரீட்மி' குறிப்பில் 980 டாலர் கேட்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. கட்டிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

ப: கட்டாதீர்கள். பணம் போனாலும் சாவி வரும் என்று உறுதியில்லை. அடையாளங்களைப் பார்த்தால் இது 'ஸ்டாப் டிஜேவியூ' வகை ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் கிருமி. உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பென்டிரைவ் செருக வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கிருமி மறுபடி ஓடி, புதிதாக வந்ததையும் பூட்டிவிடும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனால் கிருமியை நீக்கியபின், பூட்டிய ஃபைல்களையும் ரீட்மியையும் தனி ஹார்ட்டிஸ்கில் எடுத்து வையுங்கள். அதுவரை ஃபார்மட் கூடாது.

ரீட்மியின் அடியில் உள்ள 'பர்சனல் ஐடி' எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'டி1' என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவி. அந்த ரகத்துக்கு எல்லோருக்கும் ஒரே சாவிதான். அது கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் மென்பொருள்) திறந்துவிடும். வேறு மாதிரி முடிந்தால் உங்கள் கணினிக்கென்றே உருவான சாவி, அதனால் பொதுவாக இந்த டிகிரிப்டரால் திறக்க முடியாது. 'திறந்து தருகிறேன்' என்று கடைக்காரர் யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்தக் கிருமி ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோக்களுக்கு வழி உண்டு: அதே செல்போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், ரிப்பேர் மென்பொருள் பெரும்பகுதியை மீட்கும். ஜிப் ஃபைலை 7-ஜிப்பில் திறந்தால் முதல் சில ஃபைல் தவிர மற்றவை கிடைக்கலாம். போட்டோக்கள்தான் கஷ்டம், அவற்றின் முக்கியத் தகவல் தொடக்கத்திலேயே இருக்கிறது. கேமராவின் மெமரி கார்டு இருந்தால் அதில் புதிதாக எதுவும் எடுக்காமல் 'போட்டோரெக்' என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். அழித்த படங்கள்கூடக் கிடைக்கலாம். உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும் தேடுங்கள்.

இதோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.

கே: பேக்கப் ஹார்ட்டிஸ்க் எப்போதும் கணினியோடு இணைந்தே இருக்கிறது. போதுமா?
- வாசகர், சிவகாசி

ப: போதாது. இணைந்திருக்கும் டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும். பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போய் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். நம்பகமில்லாத நிரல்கள் உங்கள் ஃபோல்டர்களில் கைவைக்காமல் இது தடுக்கும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் இந்தத் தடுப்பு இயங்காது. டிஃபென்டர் செயலில் இருக்க வேண்டும்.