மாடிக்கு ஏறாத வைஃபை: கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் கேபிள் இழுத்தே தலை நரைத்தவன் நான். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணம்: ஐயா, கீழே கூடத்தில் வேகம் நன்றாக இருக்கிறது. மாடியில் மகன் அறையில் ஒரு கோடுதான் காட்டுகிறது. அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா?

ரவுட்டர் இப்போது எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னால், பீரோவை ஒட்டித்தானே? முதலில் அதை எடுத்து மாடிப்படிக்கு அருகே உயரமாக மாட்டுங்கள். கான்கிரீட் தளமும் அதிலுள்ள கம்பிக்கட்டும் அலையை விழுங்கிவிடும். படிக்கட்டின் திறப்பு வழியே தடையில்லாமல் ஏறும். அதற்குப் பிறகும் ரிப்பீட்டர் தேவைப்பட்டால் படித் திருப்பத்தில் செருகுங்கள். மகன் அறையிலேயே வைத்தால், அங்கே வந்து சேரும் ஒற்றைக் கோட்டைத்தான் அது திருப்பித் தரும். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மன்னார்குடி: பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. உதவுமா?

பேஷாக உதவும். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி. பழையதை மாடியில் வைக்குமுன் மடிக்கணினியில் இணைத்து இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். கீழே உள்ளதன் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியை இதில் அணைத்துவிடுங்கள், அந்த வேலையைக் கீழே உள்ளதே பார்க்கும். ஒரே பந்தியில் இரண்டு பேர் இலை போட்டால் என்ன ஆகும்? பிறகு கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளின் இரு முனைகளையும் இரண்டு ரவுட்டர்களின் லேன் துளைகளிலேயே செருகுங்கள். வான் என்று எழுதிய துளை வேண்டாம். பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளவையே இருக்கட்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11. கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசியதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

பாபநாசம்: பல பெட்டிகள் தங்களுக்குள் பேசி வீடு முழுக்க வைஃபை தரும் மெஷ் வாங்கினால் கேபிளே வேண்டாமாமே?

வேண்டாம்தான். ஆனால் அந்தப் பெட்டிகளும் அதே தளத்தைத் தாண்டித்தானே பேச வேண்டும்? கேபிளோடு சேர்ந்தால் மெஷ் அருமை.

திருவையாறு: பழைய ஓட்டு வீடு. மச்சில் நன்றாக வருகிறது, புதிதாகக் கட்டிய பின்கட்டு மாடியில் வரவில்லையே, ஏன்?

மச்சு மரத்தளம், முற்றமும் திறந்த வெளி. அலைக்கு அங்கே கொண்டாட்டம். பின்கட்டு கான்கிரீட். இடையிலுள்ள கனத்த செங்கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் தடுமாறும். அந்த அறையில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி: கொல்லையில் 60 மீட்டர் தள்ளி மாடி அறை ஒன்று தனியாக இருக்கிறது. கேபிள் போகுமா அண்ணா?

நூறு மீட்டர் வரை போகும் தம்பி. ஆனால் வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். நான் இழுத்தேன், ஓர் ஐப்பசி இரவு இடியில் இரு முனை ரவுட்டர்களும் கருகின. காலையில் லேன் துளையைச் சுற்றி விளக்குக்கரி போல் அப்பியிருந்தது. இப்போது கண்ணாடி இழைக் கேபிள் போட்டிருக்கிறேன், இரும்புக் கம்பி சேராத வகை. அது மின்சாரத்தைக் கடத்தாது. இருந்தாலும் மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். கரண்ட் கம்பி வழியாகவும் மின்னல் வரும்.