கேளுங்க, சொல்றேன்: வேட்டி மடிப்புக்குள் அடங்கும் துப்பாக்கி

போன இதழில் தற்காப்புக்கான கைத்துப்பாக்கி உரிமம் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எது சின்னது, எது வெளியே தெரியாது? பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். இப்போது கோபியில் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் வாசகர்: மிரட்டல் வந்ததால் விண்ணப்பித்து உரிமம் வாங்கிவிட்டேன். எப்போதும் வேட்டி, வெள்ளைச் சட்டைதான். இருக்கிறதிலேயே சின்னதாக எதை வாங்கலாம்? ‘நிடர்’ 250 கிராம்தானாமே?

முதலில் யூடியூபில் அமெரிக்கக்காரர் காட்டுகிற 9 எம்.எம். பிஸ்டலை எல்லாம் மறந்துவிடுங்கள். நம் சட்டத்தில் ராணுவம், போலீஸ் பயன்படுத்தும் 9 எம்.எம்., .38, .455 தோட்டா போடும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகம். உங்கள் உரிமத்துக்குக் கிடைப்பது .32, இல்லையென்றால் .22 (புள்ளி வைத்த இந்த எண்கள் தோட்டாவின் பருமன், அங்குலக் கணக்கில்). வெளிநாட்டுச் சரக்கு தனியாருக்கு இறக்குமதியாவது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆகவே கடையில் உங்கள் முன்னால் எடுத்து வைக்கப்போவது பெரும்பாலும் கான்பூர், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புதான்.

நிடர் இஷாப்பூரில் செய்வது. .22 ரிவால்வர் (தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கிற ரகம்), எட்டுத் தோட்டா, 250 கிராம் என்பதும் சரி. சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. ஆனால் நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். .22 தோட்டாவுக்கு வெடிமருந்தைப் பற்ற வைக்கும் மருந்து விளிம்பைச் சுற்றி இருக்கும்; .32க்கு நடுவில் தனி மூடியாக இருக்கும். விளிம்பு ரகத்தில் அடித்தும் வெடிக்காமல் போகிற தோட்டா அதிகம். உயிருக்கு ஆபத்து என்று நம்பி எடுக்கிற பொருளில் இந்தச் சந்தேகம் எதற்கு?

.32இல் 2014இல் கான்பூர் வெளியிட்ட ‘நிர்பீக்’ இருக்கிறது. டைட்டானியம் கலவை உடம்பு, அரைக் கிலோ, ஆறு தோட்டா. வந்தபோதே விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி இருந்தது. அதே கான்பூரின் சாதாரண .32 ரிவால்வர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2023இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரும் 700 கிராம். தராசில் வைத்தால் நிர்பீக்தான் ஜெயிக்கும். ஆனால் தோட்டா அதேதான், உதைப்பும் அதேதான். எடை குறையக் குறைய அந்த உதைப்பு நேராக உள்ளங்கைக்கு வரும். முதல் குண்டுக்குப் பிறகு குழல் எவ்வளவு தூக்குகிறது, திரும்பக் குறிக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். கடையில் ஏசியில் உட்கார்ந்து கையில் உருட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

எடையைவிட முக்கியம் பிடி. கடையில் கேட்டு, சிலிண்டரைத் திறந்து தோட்டா இல்லை என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு, பிடித்துப் பாருங்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டும் பிடியைச் சுற்றியபின் சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா? சின்னத் துப்பாக்கிகளில் பலதில் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். தேங்காய் உரித்துப் பழகிய பெரிய கை என்றால் மோதிர விரலே பாதிதான் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் சுடும்போது துப்பாக்கி கைக்குள் சுழலும்.

அடுத்தது விசை. ஹேமரை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலை, இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால் நாலைந்து கிலோ இழுவை வேண்டும். துப்பாக்கியோ முக்கால் கிலோ கூட இல்லை. அழுத்துகிற வேகத்தில் குழல் கீழேயோ இடப்பக்கமோ சாயும். இதற்கு ஒரு பழக்கம் உண்டு. சிலிண்டரின் காலி அறைகளில் போலித் தோட்டா போட்டு, குழலின் மேல் முன்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, வெறும் சுவரைப் பார்த்து மெதுவாக விசையை அழுத்துங்கள். நாணயம் விழாமல் ‘டிக்’ கேட்க வேண்டும். உங்கள் கையில் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிதோ சின்னதோ, பொருந்தவில்லை. (.22இல் காலி அறையோடு இதைச் செய்யாதீர்கள், அறையின் விளிம்பு நசுங்கும்.)

இனி உடுப்பு. மறைத்து வைப்பது நம் விருப்பம் இல்லை, 2016 ஆயுத விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்ந்த உறையிலோ தோள்பை மாதிரியானதிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பிடி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பெரிய மனுசத்தனம் காட்டுவதற்கு இடமே இல்லை. உங்கள் வெள்ளைச் சட்டைதான் பிரச்சினை. மெல்லிய துணிக்குள் கறுப்பு இரும்பு பளிச்சென்று தெரியும். உள்ளே கை வைத்த பனியன், மேலே ஒரு அளவு பெரிய சட்டை, வெள்ளையே வேண்டுமென்றால் கொஞ்சம் கனத்த துணி. அந்தப் பச்சை பெல்ட்டை நம்பி உறையை மாட்டாதீர்கள். பணம் வைக்க அது சரி, அரைக் கிலோ இரும்பு தொங்கினால் ஒரு பக்கமாக மடங்கிவிடும். உள்ளே தனியாகக் கெட்டியான தோல் பெல்ட் வேண்டும். பிறகு களத்தில் செய்கிறதை எல்லாம் வீட்டுக் கண்ணாடி முன் செய்து பாருங்கள்: குனிந்து தேங்காய்ப் பருப்பை அள்ளிப் பாருங்கள், காரிலிருந்து இறங்கிப் பாருங்கள், கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்துப் பாருங்கள். நின்றுகொண்டு மட்டும் பார்க்கிறவர்தான் சந்தையில் மாட்டிக்கொள்வார்.

உறை விசையை முழுக்க மூட வேண்டும். வேட்டி மடிப்பில் உறை இல்லாமல் சொருகுகிறேன் என்று யாராவது எழுதினால் பதில் போட மாட்டேன்.

ஆக, உங்களுக்கு என் யோசனை: பிடி பொருந்தினால் 700 கிராம் .32 ரிவால்வர். அதைத் தினமும் சுமக்க முடியவே முடியாது என்றால் மட்டும் நிர்பீக்.

பெருந்துறையில் சிறு தறிக்கூடம் நடத்தும் வாசகி: எனக்கு ரிவால்வரா, ‘அஷானி’ பிஸ்டலா? கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

அம்மிணி, அஷானி தட்டையானது, பைக்குள் மேடு தட்டாது. பிடிக்குள் செருகும் மேகசினில் எட்டுத் தோட்டா. ஆனால் வாங்கும் முன் ஸ்லைடை, அதாவது மேலே நகரும் பாகத்தை, உங்கள் கையாலேயே முழுக்கப் பின்னால் இழுத்துப் பாருங்கள், கூட வந்தவர் இழுத்துக் காட்டுவது கணக்கில்லை. இந்த மாதிரிப் பழைய அமைப்புப் பிஸ்டலில் குழலறைக்குள் தோட்டா ஏற்றிக்கொண்டு நடமாடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அறை காலி என்றால், தேவைப்படும் நேரத்தில் இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தையோ ஸ்கூட்டரோ இருந்தால் முடிந்தது கதை. தோட்டா சிக்கினாலும் அதைச் சரி செய்யப் பழகியிருக்க வேண்டும். ரிவால்வரில் ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும். நீங்கள் பயிற்சிக்கு அடிக்கடி போகிறவர் இல்லையென்றால் ரிவால்வரே போதும்.

இரண்டும் .32தான் என்று தோட்டாவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரிவால்வர் தோட்டா நீளம், விளிம்பு வைத்தது. பிஸ்டல் தோட்டா குட்டை.

கைப்பைக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, நான் கொடுக்க மாட்டேன். நம்ம ஊரில் ஸ்கூட்டரில் போகிற பெண்ணிடம் பறிப்பது முதலில் சங்கிலி, அடுத்து பை. பையோடு துப்பாக்கியும் போனால் ஸ்டேஷனில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் துப்பாக்கிக்கு மட்டுமான தனி அறை, உள்ளே உறை, பட்டை உடம்புக்குக் குறுக்கே. அந்த அறையில் சாவியோ பேனாவோ கூடாது. அந்தப் பையைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது.

திருச்செங்கோடு போர்வெல் ரிக் உரிமையாளர்: சத்தீஸ்கரில் வண்டி ஓடுகிறது. அங்கே போகும்போது எடுத்துப் போகலாமா?

உரிமப் புத்தகத்தில் எல்லை என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் போட்டிருந்தால் ஓசூர் தாண்டக் கூடாது. எல்லையை விரிவாக்கத் தனியாக விண்ணப்பித்துக் காரணம் காட்ட வேண்டும். அப்புறம், நீங்கள் விமானத்தில் திரும்பிவிட்டு, ‘வண்டியிலேயே இருக்கட்டும்’ என்று டிரைவரிடம் விட்டு வராதீர்கள். உரிமம் உங்கள் பெயரில். அவர் கையில் அது உரிமமில்லாத ஆயுதம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருடம்.

சிவகிரிப் பக்கம் சொந்த ஊர், வேலை பெங்களூரில்: அப்பா அம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். ஊரே பயந்து கிடக்கிறது. அப்பாவுக்கு ஒரு சின்னப் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தால் நிம்மதியா?

2024இல் பல்லடம் பக்கமும் 2025இல் உங்கள் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இப்படி வந்த கடிதங்கள்தான் அதிகம். பயம் நியாயம்தான்.

அப்பா வயது 70க்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி இல்லாமல் ராத்திரியில் வாசல் தெரியுமா? விதிப்படி துப்பாக்கி பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும். நாய் குரைத்து, எழுந்து, கண்ணாடி தேடி, சாவி தேடி, பீரோ திறந்து... அதற்குள் வந்தவன் உள்ளே நிற்பான். தலையணைக்கு அடியில் வைத்தால் விதியை மீறியதாகும். வேலைக்கு வருகிற நாலு பேருக்கு அது தெரிந்தும் போகும். துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்த தோட்டத்துக்கு, அதை எடுப்பதற்கென்றே ஆள் வருவான்.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளைப் படியுங்கள். இருட்டிய பிறகு வீடு உடைத்து வருகிறவனுக்கு எதிராக அந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் கட்டுத்தரைப் பக்கம் அசைந்தது பால்காரரா, திருடனா என்று பார்த்துச் சொல்ல வெளிச்சம் வேண்டுமே. முதலில் வீட்டின் நான்கு மூலைக்கும் விளக்கு, இன்வெர்ட்டரோடு. கதவுக்கு உள்பக்கம் இரும்பு கிராதி. படுக்கையிலிருந்தே அழுத்துகிற சைரன். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு ராத்திரி ஒரு போன் பழக்கம். இதெல்லாம் செய்தபிறகும் அப்பாவே கேட்டால், அவர் பயிற்சிக்குப் போய்ச் சுட்டு, சான்று வாங்கி, அவரே விண்ணப்பிக்கட்டும். நீங்கள் வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை இது.

தாராபுரம் மாட்டு வியாபாரி: கண்ணபுரம் சந்தைக்கு ரொக்கத்தோடு போகிறேன். உரிமம் இருக்கிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா?

கூடாதுங்க. உரிமத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் படியுங்கள்: சிறப்பு அனுமதி இல்லாமல் சந்தை, திருவிழா ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் எதற்கும் எடுத்துப் போகக் கூடாது. கண்ணபுரத்தில் மாரியம்மன் தேரும் மாட்டுச் சந்தையும் சேர்ந்தே நடக்கும், இரண்டு வகையிலும் மாட்டிக்கொள்வீர்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பப் பாருங்கள். மாட்டுக்காரர் ரொக்கம்தான் கேட்பார் என்பது எனக்கும் தெரியும். கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே திரும்பிவிடுங்கள்.

அதே காங்கேயத்திலிருந்து இன்னொருவர்: துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? நம்ம செக்கு எண்ணெய், சுத்தமானது.

உங்கள் எண்ணெய் மேல் குறை இல்லை. மார்கழியில் அது டப்பாவில் எப்படி உறைகிறது என்று பார்த்திருப்பீர்களே, விசைக்குள்ளும் அப்படித்தான். நாளானால் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய், அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாக.

இடுப்பில் வைக்கிறவருக்கு எண்ணெயைவிட வேர்வைதான் எதிரி. சித்திரையில் ஒரு நாள் வேர்த்தாலே உடம்புப் பக்கம் இருக்கிற இரும்பில் செம்புள்ளி வரும். ராத்திரி உறையிலிருந்து எடுத்துத் துடைத்துத்தான் பீரோவில் வையுங்கள். உறையோடு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறை செய்ய ஈரோட்டில் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். விறைப்பாக நிற்கும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடாது. ஆனால் தோட்டாவை அந்தத் தோலில் மாதக்கணக்கில் சொருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய தோட்டா அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிப் போடாமல் பயிற்சிக் கணக்கிலும் சேர்க்காமல் கடையில் கொடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

நாமக்கல் வாசகர்: அப்புச்சி (அம்மாவின் அப்பா) வைத்திருந்த பழைய வெப்லி .32 வீட்டில் இருக்கிறது. அவர் போய் ஆறு மாதமாகிறது. நான் வைத்துக்கொள்ளலாமா?

இன்றைக்கே ஸ்டேஷனிலோ உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துச் சீட்டு வாங்குங்கள். பிறகு வாரிசாக ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவதுக்கு இடமில்லை, 2019இல் வரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கைக்கு வந்ததும் மடக்கும் இடத்துக் கொக்கி ஆடுகிறதா, ஹேமரை இழுத்து நிறுத்தியபின் சிலிண்டர் அசைகிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆடினால் அலமாரிக்கு மட்டும்தான் அது.

சத்தியமங்கலம் வாசகர்: மச்சான் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை?

இரண்டு வருடம் ஜெயில், இல்லையென்றால் ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மேலே போன குண்டு பந்தலுக்குத்தான் திரும்பும். மச்சானுக்கு மொய் வையுங்கள்.