மணல் எங்கே போகிறது? கடற்கரை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மெரினாவில் மணல் பரந்து கிடக்கிறது. அதே கடல் எங்கள் பக்கம் வீட்டு வாசல்வரை வருகிறதே, ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டுக்கும் முக்கியக் காரணம் ஒன்றே: சென்னைத் துறைமுகம். அலை கரையில் சாய்வாக ஏறும், சரிவில் நேராக இறங்கும். அதோடு ஏறி இறங்கும் மணல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர்வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓட்டம் தெற்கே திரும்பும். வடக்கே தள்ளும் மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டு முடிவில் மணல் வடக்கே போயிருக்கும்.

1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் தேங்கித் தேங்கி, மெரினா இன்று ஏறத்தாழ 300 மீட்டர் அகலத்துக்கு வளர்ந்திருக்கிறது. சுவருக்கு வடக்கே அலைகளின் வேகம் குறையவில்லை, வர வேண்டிய மணல்தான் வரவில்லை. அதனால் அலை இருக்கிற கரையையே அரித்துக்கொண்டு போகிறது. ராயபுரம் தொடங்கி உங்கள் ஊர்வரை நடந்தது இதுதான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபிறகும் இதே கதை: நகரக் கடற்கரையில் மணல் போய்க் கல் மிஞ்சியது. மறித்த மணலை அள்ளி மறுபக்கம் சேர்ப்பதும் துறைமுகத்தின் அன்றாட வேலை என்று முதல் நாளிலேயே வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தது உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லை. பனி உருகிக் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான்.

கேள்வி: மழைக்காலத்தில் மணல் போய்க் கரை கறுத்துவிடுகிறது, கோடையில் மணல் திரும்புகிறது. அரிப்பு நிரந்தரமா என்று எப்படிக் கண்டுகொள்வது?
– வாசகர், கடலூர்

பதில்: புயல் அலைகள் மணலை இழுத்துப்போய்க் கரைக்குச் சற்று அப்பால், நீருக்கடியில் திட்டாகப் போடுகின்றன. அடுத்து வரும் பேரலை அந்தத் திட்டிலேயே உடைவதால் கரை தப்புகிறது. கடல் அடங்கியதும் தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கரையேற்றும். கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட் என்னும் கனிமம். சாதாரண மணலைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கனமானது என்பதால், லேசான மணல் போனபிறகும் தங்கிவிடுகிறது. மேட்டு மணலில் முழங்கால் ஆழம் தோண்டினால் வெளிர் மணலுக்கு நடுவே விரல் தடிமனில் கரும்பட்டைகள் தெரியலாம். பழைய சீற்றங்களின் தடங்கள் அவை.

நிரந்தர அரிப்பா என்று பார்க்க, நகராத ஒரு மின்கம்பத்தையோ கோயில் மதிலையோ குறியாக வையுங்கள். அங்கிருந்து கடற்பக்கச் செடிகொடிகளின் விளிம்புவரை நாடா பிடித்து அளக்க வேண்டும். நீர் விளிம்பை நம்பாதீர்கள், அது மணிக்கு மணி மாறும். ஜனவரி அளவை அடுத்த ஜனவரியோடும், மே அளவை அடுத்த மேயோடும் ஒப்பிடுங்கள். ஒரே ஆண்டின் ஜனவரியையும் மேயையும் ஒப்பிட்டால் பருவ மாற்றம்தான் தெரியும். சில ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தால் மணல் வரவு குறைந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: கல் கொட்டினால் கரை நிற்காதா?
– வாசகர், எண்ணூர்

பதில்: கல்லுக்குப் பின்னால் இருக்கும் சாலை நிற்கும், முன்னால் இருக்கும் மணல் நிற்பது அரிது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்ட, அடிக்கல் சரிகிறது. பெருங்கல்லுக்குக் கீழே சிறுகல் அடுக்கோ வடிகட்டித் துணியோ இல்லாவிட்டால் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டு முழுச்சுவரும் அமிழும். சுவர் முடியும் வடமுனையில் அரிப்பு கூடும்.

தூண்டில் வளைவுகளை, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களை, அவற்றின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இடைவெளியில் வரிசையாகக் கட்டுவது வழக்கம். கட்டியதும் இடைவெளிகளை வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்ப வேண்டும். இல்லையேல் அவை தாமாக நிரம்பும்வரை வடக்கே இருக்கும் ஊர் பட்டினி கிடக்கும்.