அழித்துவிட்டால் ஆயிற்றா?

வணக்கம் அண்ணா,

அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கமராவோடுதான். ஒரு விஷயம் பத்து நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் படக்காரர்கள் சேர்ந்து நடத்தும் முகநூல் குழுமம் ஒன்றில் நானும் இருக்கிறேன். மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் அதில் ஒரு படம் போட்டிருந்தார். விடியற்காலை வாவி. தோணியில் நின்று ஒருவர் வீச்சு வலை எறிகிறார். வலை முழு வட்டமாக விரிந்து நிற்கிறது. மேலே நீர்க்காகங்கள் வரிசையாகப் போகின்றன. அதில் இரண்டு பறவைகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. நான் படத்தைப் பெரிதாக்கி, அந்த இரண்டுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, "கொப்பி பேஸ்ட் பண்ணின குருவிக்கும் லைக் போடுறீங்களே, கல்யாண அல்பம் செய்யிறவருக்கு இது கைவந்த கலைதானே" என்று எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கு மேல் சிரிப்புக் குறி. சிலர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்பினார்கள்.

மறுநாள் அவர் ரோ ஃபைலையும் (கமரா பதிந்தபடியே இருக்கும், திருத்தாத மூலக் கோப்பு), முன்னும் பின்னும் எடுத்த நாலைந்து படங்களையும் அட்மினுக்கு அனுப்பினார். படம் உண்மையானது. அட்மின் எனக்குத் தனியாகச் சொன்னதும் நான் எழுதியதை அழித்துவிட்டேன். அவரும் படத்தை எடுத்துவிட்டுக் குழுமத்தை விட்டே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தபோது மூத்தவர் ஒருவர், "அழிச்சாச்சுதானே, விடு. கேட்டியெண்டால் இனி உன்ட பேச்சை ஒருத்தனும் மதிக்கமாட்டான்" என்றார்.

'சூப்பர்' என்ற சொல்தான் நம்மூர்ப் படக்கலையைக் கெடுத்தது என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். கடுமை இல்லாமல் எப்படி வளர்வது? நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையா?

பி.கு: பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்.)

*

அன்புள்ள தம்பி,

லென்ஸ் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

'சூப்பர்' கட்டுரை நான் எழுதியதுதான், மறுக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அதை எடுத்து மறுபடி வாசித்தேன். வெறும் பாராட்டு ஆளை எப்படிக் கெடுக்கும் என்று நீட்டி முழக்கியிருக்கிறேன். குறையை எப்படிச் சொல்வது என்று ஒரு வரி இல்லை. ஆகவே அந்தச் சிவப்பு வட்டத்தில் கால்வாசி என் கணக்கில் போகட்டும்.

மிச்சம் உங்களுடையது. சந்தேகப்பட்டது பிழையே இல்லை. இரண்டு பறவை ஒரே மாதிரி இருந்தால் கண் அங்கே போகத்தான் வேண்டும், போகாத கண் படக்காரனின் கண் இல்லை. "இந்த இரண்டும் ஒரே மாதிரித் தெரியுதே, அடுத்த ஃபிரேம் இருக்கா?" என்று கேட்டிருந்தால் விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை, தீர்ப்பு எழுதினீர்கள். எழுதிய தீர்ப்பிலும் பாதி, படத்தைப் பற்றியதே இல்லை.

அந்தக் 'கல்யாண அல்பம்' எங்கிருந்து வந்தது? எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் அதுதான். பொழுதுபோக்குக்குக் கமரா தூக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, அதை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர்கள் மேல் ஓர் இளக்காரம் எப்போதும் உண்டு. பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், அடையாள அட்டைப் படம் என்று அலைகிறவனுக்குக் கலை தெரியாது என்ற நினைப்பு. 1978 சூறாவளியிலும் 2004 கடலிலும் அல்பங்களோடு வீட்டையும் இழந்த ஊர் இது. ஒரு தாயின் முகம் பிள்ளைகளிடம் மிஞ்சியிருக்கிறது என்றால், பல வீடுகளில் அது யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாண வீட்டில் எடுத்த படமாகத்தான் இருக்கும். அவர்களிடம் கொஞ்சம் மரியாதையாக இருந்தால் நாம் குறைந்துவிடமாட்டோம்.

நான் பழகியதே அப்படி ஒரு ஸ்டூடியோவில்தான். முதலாளி கையில் சிவப்பு மெழுகுப் பென்சில் இருக்கும். கொன்டாக்ட் பிரிண்டை, அதாவது ஒரு ஃபிலிம் சுருள் படங்கள் முழுவதையும் சின்னதாக அச்சிட்ட தாளை, மேசையில் விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேறியதற்கு மட்டும் வட்டம் போடுவார். அவரும் வட்டம்தான் போட்டார், பாருங்கள். தேறாததைப் பார்த்து, "இந்தக் கை எங்க போகுது? இந்த ஆளுக்குத் தலையில மரம் முளைச்சிருக்கே, ரெண்டடி தள்ளி நிண்டா என்ன?" என்பார். ஒருநாள் 36 படத்தில் ஒன்றுக்குக்கூட வட்டம் விழவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் யார், எந்த ஊர், எதற்கு இந்த வேலைக்கு வந்தேன் என்று அவர் ஒரு நாளும் இழுத்ததில்லை. அவரைவிடக் கடுமையான ஆசிரியர் எனக்கு வாய்க்கவுமில்லை.

சரி, நீங்கள் பிடித்த 'ஆதாரம்' என்ன? முகநூலில் ஏறிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். முகநூலும் வட்ஸ்அப்பும் படத்தை வாங்கியதும் முதலில் நசுக்குகின்றன. எந்தக் கமரா, எந்த நேரம் என்று படத்தோடு வரும் குறிப்பில் பெரும்பகுதியையும் உதிர்த்துவிடுகின்றன. ஜேபெக் என்பதே படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, நுணுக்கங்களைத் தள்ளிவிட்டுச் சேமிக்கிற முறை. தூரத்தில் பறக்கும் ஒரு நீர்க்காகம் அதில் எத்தனை புள்ளி இருக்கும்? இரண்டு கறுப்புத் துளிகள் ஒரே மாதிரித் தெரிவதில் அதிசயம் என்ன? ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதையும் 'ஒட்டின அடையாளம்' என்பார்கள். கூர்மையை ஏற்றினாலே அந்தக் கோடு வரும். அந்தப் படத்தை வைத்து நீங்கள் சந்தேகப்படலாம், முடிவுக்கு வரமுடியாது. முடிவுக்கு ரோ ஃபைல் வேண்டும், அடுத்தடுத்த ஃபிரேம்கள் வேண்டும். அது இரண்டும் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம்தான் நீங்கள் கேட்கவில்லை.

உங்களைவிடப் பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த போல் ஹான்சன் (Paul Hansen) என்ற படக்காரர், காஸாவில் இறந்த இரண்டு குழந்தைகளைச் சந்து வழியே தூக்கிச் செல்லும் ஊர்வலத்தை 2012 நவம்பரில் எடுத்தார். செய்திப் படங்களுக்கான உலகப் போட்டியான வேர்ல்ட் பிரெஸ் போட்டோவின் அந்த வருஷத்து முதற் பரிசு அதற்குத்தான். 2013 மே மாதம், பல படங்களை ஒட்டிச் செய்தது என்று இணையத்தில் ஒரு குற்றச்சாட்டு எழுந்து உலகம் முழுக்கப் பரவியது. போட்டி நடத்தியவர்கள் வெளி நிபுணர்களிடம் ரோ ஃபைலையும் பரிசுப் படத்தையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். நிறமும் வெளிச்சமும் மாற்றப்பட்டிருக்கின்றன, ஒட்டுவேலை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவ்வளவு வெளிச்சம் சரியா என்று இன்றும் வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அது வேறு கேள்வி.

மறுபக்கமும் உண்டு. 2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவிலங்குப் படப் போட்டியில், கறையான் புற்றை நோக்கி வரும் எறும்புதின்னிப் படம் ஒன்று ஒரு பிரிவில் வென்றது. எடுத்தவர் பிரேசிலைச் சேர்ந்த மார்சியோ கப்ரால். அது உயிருள்ள விலங்கே இல்லை, படம் எடுத்த தேசியப் பூங்காவின் வாசலில் பார்வையாளருக்காக வைத்திருக்கும் பாடம் பண்ணிய விலங்கு என்று, பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்தார். அவர்கள் அதைத் தூக்கி வெளியே போடவில்லை. ஐந்து அறிவியலாளர்களிடம் தனித்தனியாகக் காட்டினார்கள். மயிர்க் கோடுகள், நிற்கும் நிலை எல்லாம் ஒப்பிடப்பட்டன. படக்காரரிடமும் கேட்டார்கள். அவர் மறுத்தார், வேறு ரோ ஃபைல்கள் கொடுத்தார், எறும்புதின்னி உள்ள இன்னொரு ஃபிரேம் மட்டும் அவரிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் 2018 ஏப்ரலில் காரணம் சொல்லிப் பரிசைத் திரும்ப எடுத்தார்கள். அவர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. எனக்குப் பிடித்தது, சொன்னவர் யார் என்று தெரியாமலே சொன்னதைச் சோதித்தார்கள், சோதிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது.

நம்மூரில் இவ்வளவு ஏற்பாடு நடக்காது என்பீர்கள். நடக்க வேண்டாம். அந்த அட்மின் செய்திருக்கக்கூடியது சின்ன விஷயம். ரோ ஃபைல் கையில் வந்ததும் உங்களுக்குத் தனியாகச் சொன்னாரே, அதையே குழுமத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். குற்றம் சந்தியில் நடந்தது, விடுதலை மட்டும் காதுக்குள். அவருக்கும் இதில் பங்குண்டு என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நடுவில் ஒன்று. இவ்வளவு பேர் பறவையை எண்ணினீர்களே, வலை எறிந்த மனிதரைப் பற்றி யாராவது கேட்டீர்களா? தென்கரையில் கம்பில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் பயணிகளிடம் காசு வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். கல்லடிப் பக்கமும் விடியற்காலையில் "இன்னொருக்கா எறியுங்க அண்ணே" என்று கமராக்கள் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் படம் அப்படி எடுத்தது என்று நான் சொல்லவரவில்லை. கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுகா என் கதை. பல வருஷத்துக்கு முன் ஆரையம்பதியில் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. குஞ்சுக்குத் தாய் இரை கொடுக்கும் படம், அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு சுத்தமாக. போட்டதும் பாராட்டு மழை. ஒரு பெண், அறிமுகமில்லாதவர், தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "படம் அழகு. கூட்டை மறைத்த இலைகளை ஒதுக்கினீர்களா?" அவ்வளவுதான். ஒதுக்கியிருந்தேன். ஒரு கொப்பை நூலால் இழுத்துக் கட்டியிருந்தேன். அது உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்தச் செய்தியை அப்படியே எடுத்துப் பொதுவில் போட்டு, "இலை பொலிஸ் வந்துட்டாங்க" என்று எழுதினேன். கூட்டாளிமார் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கணக்கையே மூடிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கூடு வெறுமையாக இருந்தது. காகமாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம். இலை மறைவு போனால் இரண்டுக்கும் வழி திறந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களைப் போலவே அழித்தேன். படம், பகிடி, எல்லாம். அழித்ததும் பெரிய நிம்மதி. ஒரு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என்னைக் கண்டதும், "இலை பொலிஸ் அண்ணா" என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். நான் அழித்தது என் பக்கத்தில் மட்டும்தான் அழிந்திருந்தது. அந்தப் பெண் பிழை, நான் சரி என்பதே ஊரில் மிஞ்சியிருந்தது. அதற்குப் பிறகுதான் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். அவர் வாசித்தாரா என்று இன்றுவரை தெரியாது. பிந்திய மன்னிப்பு உரியவரிடம் போய்ச் சேராமலே போகலாம், தம்பி. நீங்கள் பத்து நாளில்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே எழுதுங்கள். அதே குழுமத்தில், அதே பெயரில். என்ன சொன்னீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள், கல்யாண அல்பம் உட்பட. படம் உண்மை என்று எழுதுங்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள், புண்பட்டது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். "என்றாலும் அந்தப் பறவை…" என்று ஒரு வால் வேண்டாம். அவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் மறுபடி போடாதீர்கள். அது அவருடைய படம், எடுத்துவிட முடிவு செய்தவரும் அவர். அந்த ஸ்கிரீன்ஷொட் போன வட்ஸ்அப் குழுக்கள் உங்களுக்குத் தெரிந்தவையாக இருந்தால் அங்கேயும் போடுங்கள். அதற்கு முன் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். எடுக்காவிட்டால் குரல் செய்தி அனுப்புங்கள். முதலில் அவர் கேட்கட்டும், ஊர் பிறகு வாசிக்கட்டும்.

அவர் திரும்பி வராமலும் இருக்கலாம். அது அவர் இஷ்டம்.

அந்த மூத்தவர் சொன்னதைப் பற்றி: நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. தன் பிழையைப் பெயரோடு ஒத்துக்கொண்டவன் அடுத்தமுறை "இது ஒட்டுவேலை" என்றால் ஆட்கள் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள். இன்னொன்றும் யோசியுங்கள். இணையத்தில் பொய்யான கூற்றைப் பரப்புவதைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது நாம் எல்லோரும் கருத்துச் சுதந்திரம் போச்சே என்று கத்தினோம். இப்போதும் எனக்கு அந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் ஒரு நீர்க்காகப் பிரச்சினையை இரண்டு படக்காரர்கள் தங்களுக்குள் தீர்க்க முடியாவிட்டால், பொலிசுக்குப் போகிறவனிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இருக்காது.

லென்ஸ். 50 மி.மீ. நல்ல தெரிவுதான், ஆனால் உங்கள் கமரா எது என்று நீங்கள் எழுதவில்லை, படம் பதியும் சென்சர் சின்னது என்றால் அது 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், வீட்டுக்குள் எடுக்க இடம் போதாது. ஆளைப் படம் பிடிக்க அருமை. வாங்க முன் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்னால் பாருங்கள். கடலும் வாவியும் சூழ்ந்த ஊர், உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய நூல் தெரிந்தால் அது பங்கஸ், பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.