திருகிய கிராபீனில் தற்சுழற்சி: இறுதியாண்டு ஆய்வுக்கு எடுக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து பௌதிகவியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்கிறார்: "திருகிய ஈரடுக்குக் கிராபீனில் இலத்திரன்களின் தற்சுழற்சி எவ்வாறு அமைகிறது என்பதை ஆய்வுத் திட்டமாக எடுக்க விரும்புகிறேன். எங்களிடம் திரவ ஈலியமோ வலிமையான காந்தமோ இல்லை. இது இயலுமா?"

இயலும், ஆனால் அளந்து பார்க்கும் திட்டமாக அல்ல, கணித்துப் பார்க்கும் திட்டமாக. கிராபீன் என்பது ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாள்; அத்தகைய இரு தாள்களைச் சற்றே திருப்பி அடுக்கியதே திருகிய ஈரடுக்கு. தற்சுழற்சி (spin) என்பது இலத்திரனைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் இயல்பு; அது மேல், கீழ் என இருவகைப்படும். 1 தெஸ்லா காந்தப்புலம் இருவகைத் தற்சுழற்சிகளையும் சக்தியில் பிரிப்பது ஏறத்தாழ 0.12 மில்லி இலத்திரன்வோல்ற்றால் மட்டுமே. சித்திரை வெயிலில் உங்கள் ஆய்வுகூடத்தின் வெப்பச்சக்தியோ 26 மில்லி இலத்திரன்வோல்ற்று. இருநூறு மடங்குக்கும் அதிகமான அந்த அதிர்வுக்குள் இப்பிரிவு தென்படாது. 77 கெல்வினில் உள்ள திரவ நைதரசனும் போதாது. 2018 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பப்லோ ஹரில்லோ-ஹெரேரோவின் குழுவினர் இப்பொருளில் மீகடத்தலை (மின்தடையே இல்லாத கடத்தலை) கண்டது 1.7 கெல்வினில்.

முதலில் திருகலைப் புரிந்துகொள்ளுங்கள். 1 மில்லிமீற்றர் கண்ணுள்ள இரு நுளம்புவலைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1.1 பாகை திருப்பினால், சுமார் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு பெரிய கோலம் திரும்பத் திரும்பத் தோன்றும். கிராபீனின் சாலகத் தூரம் (அணு அமைப்பு மீண்டும் வரும் இடைவெளி) 0.246 நனோமீற்றர் என்பதால், அதே கோணத்தில் அங்கு உருவாகும் கோலம் ஏறத்தாழ 13 நனோமீற்றர் அகலமுடையது. திரும்பத் திரும்ப வரும் துண்டான ஒரு கோலக் கூட்டில் சுமார் 11,000 காபன் அணுக்கள் அடங்கும். இக்கோணத்தில் இலத்திரனின் சக்திப் பட்டை, அதாவது அது பெறக்கூடிய சக்திகளின் தொகுதி, தட்டையாகிவிடுகிறது. ஓடித்திரியும் சக்தி குறையவே, ஒன்றையொன்று தள்ளும் விசை மேலோங்குகிறது.

தற்சுழற்சியைத் தனியே தேடாதீர்கள் என்பதே நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது. கிராபீனில் ஒவ்வோர் இலத்திரனுக்கும் தற்சுழற்சியில் இரு தெரிவுகளும், பள்ளத்தாக்கு எனப்படும் உந்தநிலையில் இரு தெரிவுகளும் உள்ளன. ஆகவே ஒரு கூட்டில் தட்டைப் பட்டை ஒன்று நிரம்ப நான்கு இலத்திரன்கள் தேவை. சாதாரணமாக நான்கு வகைகளும் சமமாகவே நிரம்பும். தள்ளுவிசை வலுக்கும்போது சில வகைகள் முழுதாக நிரம்பி, மற்றவை வெறுமையாகின்றன. கூட்டுக்கு இரண்டு இலத்திரன்கள் உள்ளபோது, கடத்த வேண்டிய பொருள் காவலியாவது இதனாலேயே. 2019 இல் ஸ்ரான்ஃபோர்ட்டில் மூன்று இலத்திரன் நிலையில் அயக்காந்தத் தன்மை (இரும்பைப்போல் தானே காந்தமாகும் தன்மை) கண்டறியப்பட்டது. அதன் காந்தம் பெரும்பாலும் தற்சுழற்சியிலிருந்து வருவதன்று, இலத்திரன்களின் சுற்றோட்டத்திலிருந்து வருவது. காபனில் தற்சுழற்சி–பாதை இணைப்பு (தற்சுழற்சியை இலத்திரனின் ஓட்டத்தோடு பிணைப்பது) மிகவும் நலிவானது என்பதை மறந்தால், இவ்விடத்தில் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தளத்துக்குச் செங்குத்தான காந்தப்புலம் சுற்றோட்டத்தையும் தற்சுழற்சியையும் ஒருங்கே தாக்கும். தளத்துக்குச் சமாந்தரமான புலம், அடுக்குகள் இத்துணை மெல்லியனவாக இருப்பதால், பெரும்பாலும் தற்சுழற்சியை மட்டுமே தொடும். 2018 ஆய்வில் இரு இலத்திரன் காவலிநிலை சமாந்தரப் புலத்திலும் நலிந்து மறைந்தது, அங்கே எதிரெதிர்த் தற்சுழற்சிகள் சமமாக இருந்தன என்ற விளக்கத்துக்குப் பொருந்துகிறது.

உங்கள் திட்டத்துக்கு 2011 இல் பௌதிகவியலாளர்கள் பிஸ்ட்ரிற்சரும் மக்டொனால்டும் தந்த தொடர்ம மாதிரியை (அணுக்களைத் தனித்தனியே எண்ணாமல் தொடர்ச்சியான தாளாகக் கொள்ளும் மாதிரியை) எடுங்கள். சில நூறு நிரைகள் கொண்ட தாயத்தை (matrix) பைத்தன் கணினிமொழியில் தீர்க்கச் சாதாரண மடிகணினி போதும். அம்மாதிரியில் தற்சுழற்சி தனியே இடம்பெறாது, விடை இரண்டால் பெருக்கப்படும், அவ்வளவே. அதன்மேல் காந்தப்புலப் பிரிவைச் சேருங்கள். பின்னர் தள்ளுவிசையைச் சராசரிப் புலமாக (மற்ற இலத்திரன்களின் சராசரி விளைவாக) சேர்த்து, நான்கு வகைகளில் எவை நிரம்புகின்றன எனப் பாருங்கள். 1.1 பாகையில் பட்டை நிரம்பும் அடர்த்தி சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.8 இலட்சம் கோடி இலத்திரன்கள் என்று வந்தால், உங்கள் வடிவியல் சரி.

கைவேலையும் வேண்டுமெனில், போகல சுரங்கத்துக் காரீயம் (கிராபைற்று) ஒரு துண்டும், ஒட்டுநாடாவும், ஒட்சைட்டுப் படலமுள்ள சிலிக்கன் தகடும், நல்ல நுணுக்குக்காட்டியும் கிடைத்தால், ஓரடுக்குக் கிராபீனை உரித்துக் கண்ணால் காணலாம். அதை அறிக்கையின் பின்னிணைப்பாக வையுங்கள். தலைப்பில் "அளவீடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம்.